மண்சரிவுக்குப் பிறகு முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலை இறங்கிய வாரம், நாங்கள் தங்கியிருந்த தோட்டப் பாடசாலைக்கு, பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று மூன்று பட்டியல்கள் வந்தன. தோட்டத்தின் பட்டியல் செக்ரோலை, அதாவது வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பதிவை, பார்த்து எழுதியது. அதில் வேலையை விட்டு நின்ற கிழவிகள் இல்லை, கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகளும் இல்லை. கிராம சேவையாளரின் பட்டியல் வாக்காளர் இடாப்பிலிருந்து வந்தது. உதவ வந்த ஓர் அமைப்பு காம்பராக்களை, அதாவது லயத்து அறைகளை, எண்ணி 12 குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

நான் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், 19 வருடம் வேலை செய்தவள். எந்தப் பிள்ளை எந்த அடுப்பில் சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். 12 காம்பராவில் 21 அடுப்பு எரிந்தது. கல்யாணமான மகன் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, மறைத்துத் தனியாகச் சமைத்தால் அது தனிக் குடும்பம்தான். அதனால் அடுப்பை எண்ணுங்கள்.

ஒரு சி.ஆர். கொப்பி போதும். காம்பரா இலக்கம், அடுப்புக்கு உரியவர், எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், தினமும் மருந்து எடுப்பவர்கள். எழுதி முடித்ததும் பின்னேரம், தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் சத்தமாக வாசியுங்கள். சண்டை வரும். வரட்டும், வீடு கொடுக்கும் நாளில் வருவதை விட அன்றே வருவது நல்லது. தோட்டத் தலைவர், மாதர் சங்கம், கோயில் கமிட்டி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். யார் கேட்டாலும் போட்டோ பிரதிதான் கொடுக்க வேண்டும், கொப்பியைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது புது வீட்டுக்கான காணி. இதில்தான் நாங்கள் எட்டு மாதம் தொலைத்தோம். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதனால் தோட்டத்தை நடத்தும் துரை மட்டும் சரி என்றால் போதாது, பிரதேச செயலகம் மட்டும் சரி என்றாலும் போதாது. அந்தச் சரிவில் வீடு நிற்குமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து எழுதித் தர வேண்டும். நாங்கள் ஒவ்வொரு இடமாகப் போனோம், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். கடைசியில் மூன்று தரப்பையும் ஒரே நாளில் ஒரே மலைக்குக் கூப்பிட்டு, பிளேன்டீ கொடுத்து, அங்கேயே கூட்டக் குறிப்பு எழுதி ஒப்பம் வாங்கினோம். கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பிரதியில் திகதி முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மறக்க முடியுமா? 2005இலும் 2011இலும் ஆபத்து என்று சொன்ன இடம் அது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் வந்தது. தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தது 2016இல். அந்த இரண்டு வருடத்தை மனதில் வைத்துத்தான் பாடசாலைக்கும் குடிதண்ணீருக்கும் முதல் வாரமே ஏற்பாடு செய்யச் சொல்கிறேன்.

உதவ வருகிறவர்களிடம் வெட்கப்படாமல் பேசுங்கள். பழைய உடுப்பு மூட்டை எங்களுக்கு ஒரு வகுப்பறை நிறைய வந்தது, உள்ளாடை ஒன்றும் வரவில்லை. ஓர் அமைப்பு காணி அறிக்கை வரும் முன்பே 10 வீட்டுக்கு அத்திவாரம் போட பெனருடன் வந்தது. 21 அடுப்புக்கு 10 வீடா என்று திருப்பி அனுப்பினோம். அதைப் பற்றி இன்னும் லயத்தில் இரண்டு கட்சி உண்டு, நான் திருப்பி அனுப்பிய கட்சி. வீடு கொடுக்கப் பலர் வருவார்கள். மழைத்தண்ணீரை இறக்கும் கானுக்கும் தடுப்புச் சுவருக்கும் யாரும் வர மாட்டார்கள், சிறிய அமைப்புகளிடம் அதைக் கேளுங்கள். கான் அடைபட்டால் புது வீட்டுக்குப் பின்னாலும் மண் ஊறும்.

முதல் இரவு சோறு கொண்டுவந்தது மேலே உள்ள சிங்களக் கிராமத்து ஆட்கள். அந்தச் சிநேகத்தை அப்படியே விடாமல் அவர்களோடு ஒரு தொலைபேசிச் சங்கிலி வைத்தோம். பாடசாலையில் மழைமானி இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் எல்லோருக்கும் அழைப்பு, 100 தாண்டினால் பையைக் கட்ட வேண்டும், 150 என்றால் யாரையும் கேட்காமல் வீட்டை விட்டு இறங்க வேண்டும். வெடிப்பு, சாய்ந்த மரம், திடீர் ஊற்று தெரிந்தால் மழை அளவைப் பார்க்க வேண்டாம், இறங்கிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.