ஊருக்குப் போறீங்களோ? குழாய்க்கிணத்துத் தண்ணியைப் பற்றித் தெரிஞ்சுகொண்டு போங்கோ

வெளிநாட்டிலயிருந்து மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரப் பக்கம் லீவுக்குப் போறவை கனபேர் கேக்கிறது, பம்பி அடிக்கேக்க கண்ணாடி மாதிரி வாற தண்ணி கொஞ்ச நேரத்தில ஏன் செம்மஞ்சளா மாறுது, குடிக்கலாமோ எண்டுதான். நிலத்துக்குக் கீழ காத்துப் படாத இடத்தில இரும்பும் மங்கனீசு எண்ட உலோகமும் தண்ணியில கரைஞ்சுதான் இருக்கும், மேல வந்து காத்துப் பட்டோண்ண இரும்பு துருவாகிப் படியுது, அவ்வளவுதான்.

குடிதண்ணிக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 614 படி இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, ஆனா அது பெரும்பாலும் ருசி, நிறம், கறைக்காகப் போட்ட அளவு. ஒண்டிரண்டு கிழமை குடிச்சா அந்த இரும்பு சுகமான ஆக்களுக்குப் பொதுவா ஒண்டும் செய்யாது. உடம்பில இரும்பு கூடுற வருத்தம் உள்ளவை மட்டும் போக முதல் டொக்டரைக் கேளுங்கோ.

நான் உண்மையாப் பயப்படுறது மங்கனீசுக்குத்தான், ஏனெண்டா அது இரும்பு மாதிரி கெதியாக் காட்டிக்குடுக்காது. தாங்கியின்ர அடியில, பைப் வாயில கரி மாதிரி கறுப்பாப் படிஞ்சிருந்தா சந்தேகப்படுங்கோ. இலங்கையில மங்கனீசு அளவு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம், கனடா 2019 ல 0.12 எண்டு வச்சது, உலக சுகாதார நிறுவனம் 2022 வழிகாட்டில 0.08 எண்டு இறக்கினது, அதுவும் போத்தல் பால் குடிக்கிற பிள்ளையளை மனசில வச்சு. பால்மாவில ஏற்கெனவே மங்கனீசு இருக்கு, கைக்குழந்தையின்ர உடம்பு அதைக் கூட உறிஞ்சும், கழிச்சு வெளியில விடுறதும் குறைவு. அதால கைக்குழந்தையோட போறவை பால் கரைக்கக் குழாய்க்கிணத்துத் தண்ணியைத் தொடவே வேண்டாம், எஸ்எல்எஸ் முத்திரை உள்ள போத்தல் தண்ணியை வாங்கிக் கொதிக்க வச்சு ஆறவிட்டுப் பாவியுங்கோ.

கொதிக்க வச்சாச் சரிதானே எண்டு எல்லாரும் சொல்லுவினம். கொதிச்சா கிருமி சாகும், கரைஞ்சிருக்கிற மங்கனீசு போகாது, தண்ணி ஆவியாக ஆவியாக அது செறிவாத்தான் வரும். இங்கயிருந்து கொண்டுபோற குளோரின் குளிசையும் இரும்புத் தண்ணியில சரிவராது, குளோரினை இரும்பு தின்னுடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதல்ல இரும்பை இறக்கோணும்: வாளிக்கு வாளி உயரத்திலயிருந்து நாலைஞ்சு தரம் ஊத்தி, ராத்திரி மூடி வச்சு, காலமை மேல் தண்ணியை மட்டும் வடிச்செடுத்துக் கொதிக்க வையுங்கோ. இதால இரும்பு நல்லாக் குறையும், மங்கனீசு அப்பிடிக் குறையாது.

வீட்டிலயே பாக்க ஒரு வழி: வெறுந்தேத்தண்ணி போடுங்கோ. சாயம் சிவப்பா வராம மை மாதிரிக் கறுத்தா இரும்பு நல்லாவே இருக்கு. தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மினுங்கிற படலம் வந்தா ஈர்க்கால குத்திப் பாருங்கோ, கண்ணாடி உடைஞ்ச மாதிரித் துண்டு துண்டாப் பிரிஞ்சா அது எண்ணெயில்ல, இரும்பால வாற படலம். எண்ணெயெண்டா திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

மட்டக்களப்பில உன்னிச்சைக் குளத்துப் பைப் தண்ணி வாற வீடெண்டா குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கோ. தண்ணி நிண்டு வந்தா முதல்ல கலங்கலா வரும், தெளியுமட்டும் திறந்து விடுங்கோ.

வெள்ளை உடுப்புத் தோய்க்கேக்க பிளீச் போடாதேங்கோ, கறை இன்னும் பிடிக்கும். தேசிக்காயும் உப்பும் தேய்ச்சு வெயில்ல போடுங்கோ.

இன்னொண்டு, சொந்தக்காரர் வீட்டில தண்ணியைக் கண்டு முகம் சுழிக்காதேங்கோ, அவை வேற வழியில்லாமல் வருசக்கணக்காக் குடிக்கிற தண்ணி. சொக்லேட் பெட்டி ரெண்டைக் குறைச்சு அந்தக் காசில தண்ணியைப் பரிசோதிச்சுக் குடுங்கோ. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர ஆய்வுகூடத்தில காசு கட்டிச் செய்யலாம், எந்தப் போத்தலில, எப்பிடி எடுக்கிறதெண்டு அவையிட்டயே முதல் கேளுங்கோ, இரும்போட மங்கனீசையும் பாக்கச் சொல்லி எழுதிக் குடுங்கோ. ரிசல்ட்டைக் கையில வச்சுக்கொண்டுதான் ஃபில்டர் வாங்கோணும், இரும்பு கூடின தண்ணியை நேர ஆர்ஓ மெசினுக்கு (மெல்லிய சவ்வுக்குள்ளால தள்ளித் தண்ணியைச் சுத்தமாக்கிறது) விட்டா அந்தச் சவ்வு கெதியா அடைபட்டுப் போயிடும், அதுக்கு முன்னால மணல் ஃபில்டர் ஒண்டு கட்டாயம்.