கரண்ட் கம்பி வராத தோட்டத்து வீட்டின் சோலாருக்கு லித்தியம் பேட்டரி தேர்ந்தெடுப்பது எப்படி?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். பேட்டரியின் விலையும் ஆயுளும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

படி 1: ஒரு நாள் செலவு
கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மூன்று, பத்து மணி நேரம்: 900 வாட் அவர். 9 வாட் எல்இடி ஆறு, ஐந்து மணி நேரம்: 270. சின்ன ஃப்ரிட்ஜ்: சுமார் 1,000. 60 வாட் டிவி, நான்கு மணி நேரம்: 240. 10 வாட் வைஃபை, நாள் முழுக்க: 240. மொத்தம் 2,650 வாட் அவர். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 3 யூனிட் (1,000 வாட் அவர் ஒரு யூனிட்). பழைய 75 வாட் ஃபேன்கள் இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். அவற்றுக்காகப் பெரிய பேட்டரி வாங்குவது தண்டச்செலவு.

படி 2: அளவு
வாங்க வேண்டியது எல்எஃப்பி வகை, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 51.2 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) என்றால் 5.12 யூனிட். அதில் 80 சதவீதம், சுமார் 4.1 யூனிட்டைத் தினமும் தாராளமாக எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க மேகம் மூடினாலும் அன்றிரவு ஓடிவிடும். டியூபுலர் எனும் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். அதனால் இதே 4.1 யூனிட்டுக்கு 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் ஐந்து தேவைப்படும்.

படி 3: வோல்டேஜும் பிஎம்எஸ்ஸும்
2,000 வாட் இழுக்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 175 ஆம்ப்ஸ் ஓடும். கேபிள் முனையில் உள்ள லக் கொஞ்சம் லூசாக இருந்தாலே அந்த இடம் சுட்டு உருகும். 51.2 வோல்ட் பேட்டரி சேரும் 48 வோல்ட் வகையில் 45 ஆம்ப்ஸ்தான்.

அரை எச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் அதைத் தாங்காவிட்டால் சட்டென்று கட் ஆகி வீடே இருட்டாகிவிடும். பேட்டரி செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். தொடர்ந்து தரும் ஆம்ப்ஸ், சில நொடிகள் தரும் ஆம்ப்ஸ் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பாசிட்டிவ் கேபிளில், பேட்டரியை ஒட்டியே டிசி ஃபியூஸ் போடுவது கட்டாயம்.

படி 4: சார்ஜர் செட்டிங்
தயாரிப்பாளர் வேறு எண் தராதவரை முழு சார்ஜ் 56 முதல் 56.8, ஏறி முடிந்தபின் நிற்கும் ஃப்ளோட் 54, இறங்கும்போது நிறுத்தும் லோ கட் 48 வோல்ட். ஈக்வலைசேஷனைக் கண்டிப்பாக ஆஃப் செய்யுங்கள். லெட் ஆசிடுக்கான அந்த அதிக வோல்டேஜ் வந்தால் பிஎம்எஸ் இணைப்பைத் துண்டிக்கும். அந்த நேரத்தில் வெயிலும் இருந்தால் பேனல் கரண்டை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரே பழுதாகலாம்.

படி 5: இடம்
தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். 6,000 சைக்கிள் (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள்) என்று அட்டையில் போடுவது பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு; சூடு கூடினால் ஆயுள் குறையும். வீட்டுக்குள் நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவரோரமே சரி. மாதக்கணக்கில் பூட்டிப் போவதானால் பாதி சார்ஜில் நிறுத்தி மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

படி 6: சோதனை
பழைய செல்லுக்குப் புது உறை போட்டு விற்பவர்கள் உண்டு. முழு சார்ஜ் ஏற்றி, பேனலைத் துண்டித்து, 100 வாட் குண்டு பல்பு ஐந்தை மட்டும் எரியவிடுங்கள். எட்டரை, ஒன்பது மணி நேரம் எரிய வேண்டும். ஆறு மணி நேரத்திலேயே அணைந்தால், நேரத்தைக் குறித்து உடனே கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.