ஃபோர்ட் கொச்சியில் தனியாக ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ரயில் ஏறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, பகல் முழுக்க ஃபோர்ட் கொச்சியைச் சுற்றிவிட்டு ராத்திரி வண்டியில் திரும்பலாம். தமிழ்நாட்டிலிருந்து தனியாகக் கிளம்புகிறவர்களுக்குத் தோதான பயணம் இது. ஆனால் கிழமை பார்க்காமல் டிக்கெட் போட்டுவிடக் கூடாது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலிருக்கும் யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம் (1568-இல் கட்டியது) சனிக்கிழமை திறக்காது, வெள்ளி பிற்பகலும் பார்க்க முடியாது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். நான் முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. யூதத் தெருவின் கோடியில் பூட்டிய கதவையும் 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாள் லீவு கிடைத்தால் அதுதான் சரி. அன்றைக்கும் ஜெப ஆலயத்தை மதிய இடைவேளைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். உள்ளே செருப்புக்கு அனுமதியில்லை. காலடியில் இருப்பவை சீனாவிலிருந்து வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள். அவசரமாகக் கடந்து போகிற தரையல்ல அது.

அடுத்த தவறு, ஸ்டேஷனிலிருந்து நேராக ஆட்டோவிலோ டாக்ஸியிலோ போவது. துறைமுக நகரத்துக்குள் தண்ணீர் வழியாகத்தான் நுழைய வேண்டும். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகு இருக்கிறது, உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு இருக்கிறது. இரண்டுக்குமே கட்டணம் குறைவு. ஒரு பக்கம் வில்லிங்டன் தீவு, மறுபக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம், எதிரே கடல் திறந்து கிடக்கும். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் இந்தக் கழிமுகம் அகன்றது என்பார்கள். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனார்கள் என்று சங்கப் பாட்டு சொல்லும் முசிறித் துறைமுகத்தின் வாணிபமெல்லாம் பிறகு கொச்சிக்கு வந்தது இதனால்தான். படகில் நின்று பார்த்தால் இது சட்டென்று விளங்கும்.

இறங்கியதும் பலர் "கோட்டை எங்கே?" என்று கேட்கிறார்கள். கோட்டை இப்போது இல்லை. போர்த்துகீசியர் கட்டியதை டச்சுக்காரர்கள் சுருக்கினார்கள், 1806-இல் ஆங்கிலேயர் இடித்தே விட்டார்கள். மிச்சத்தைத் தேடி வெயிலில் அலைய வேண்டாம். வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அப்படித்தான். 1524-இல் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தது உண்மை. பிறகு உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இங்கே இருப்பது கல் மட்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு "டச்சு அரண்மனை" என்றும் பெயர், அதை நம்பி ஐரோப்பிய மாளிகையை எதிர்பார்க்காதீர்கள். போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது அது, டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். ராஜாவின் பள்ளியறைச் சுவரில் இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

தனியாக நிற்பவரைக் கண்டால், குறைந்த காசுக்கு ஊர் முழுக்கக் காட்டுகிறேன் என்று சில ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள். கமிஷன் தரும் கடைகளிலேயே பாதி நாள் போய்விடும். எந்த இடம், எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சீன மீன்பிடி வலைகளை உச்சி வெயிலில் ஒரு போட்டோவோடு முடித்துக்கொள்வதும் தவறுதான். காலையிலோ மாலையிலோ போய் நின்று பாருங்கள். கயிறுகளில் பாறாங்கற்கள் வரிசையாகத் தொங்கும். நாலைந்து பேர் இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்க, மறுமுனையில் வலை நீர் சொட்ட எழும். இழுக்கக் கூப்பிட்டால் இழுக்கலாம், ஆனால் பணம் எதிர்பார்ப்பார்கள்.

பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம், 'வெளி' என்ற மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள தோபிகானா என்ற சலவைக்கூடம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கக் கூட்டி வரப்பட்டவர்களின் வழிவந்தோம் என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே இன்னும் துவைக்கின்றன. கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்றில் பறப்பதில்லை. கேமராவை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம்.