அத்தையின் முறுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு

பினாங்கில் அத்தை தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பார். ஆர்டர் எடுக்க ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். பார்த்ததுமே, "என்னடா, மேல ஒரு விளக்குகூட வைக்கலையா?" என்றார். சரி, அந்த விளக்கை வைத்தே இமோஜியைப் பழகிவிடலாம்.

🪔 பார்க்கப் படம் மாதிரி இருந்தாலும் கணினிக்கு அதுவும் 'அ' போல ஓர் எழுத்துதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் அதற்கென்று ஓர் எண் உண்டு: 129684. எழுத்துரு மாறினால் 'அ'வின் வடிவம் மாறுகிறதல்லவா, அப்படித்தான் ஐபோனில் ஒரு விளக்கு, சாம்சங்கில் வேறொரு விளக்கு.

தேடி எடுப்பது சுலபம். போனில் விசைப்பலகையின் சிரித்த முகத்தைத் தொட்டு, தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் 'லேம்ப்' என்று தட்டுங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி, மேக் என்றால் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் ஒன்றாக. வாட்ஸ்அப்புக்கும் வேர்டுக்கும் இது போதும்.

அப்புறம் இணையப் பக்கம். விளக்கை நேராகவே ஒட்டலாம், ஆனால் பக்கத்தின் நிரலில் 'ஹெட்' என்ற தலைப்பகுதியில், எழுத்துகளை எந்த முறையில் படிப்பது என்று உலாவிக்குச் சொல்லும் சார்செட் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் என்னவென்றே புரியாத நாலு குறிகள் வந்து நிற்கும். இன்னொரு வழி, எண்ணை இப்படி எழுதுவது:

🪔

கடைசியில் உள்ள அரைப்புள்ளியை விடாதீர்கள். நான் அவசரத்தில் அதை விட்டுவிட்டு ஒட்டினாற்போல் '25 ரிங்கிட்' என்று விலையை எழுத, உலாவி எல்லா இலக்கத்தையும் சேர்த்து 12968425 என்று படித்து, அப்படி ஓர் எழுத்தே இல்லாததால் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியைக் காட்டியது. விளக்கும் போச்சு, விலையும் போச்சு.

ஆர்டர்களை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் சேமிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பழைய எழுத்து முறையான 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு)தான் இடம் கொடுக்கும். தமிழ் எழுத்துக்கு அது போதும், இமோஜிக்கு நான்கு வேண்டும். அதனால் தமிழ் ஒழுங்காக இருக்க இமோஜி மட்டும் கேள்விக்குறியாகும், அல்லது மொத்த வரியும் சேமிக்கப்படாமல் பிழை வரும். 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு வெறும் கட்டம் தெரியலாம். இந்த விளக்கு யூனிகோடுக்கு வந்ததே 2019இல்தான், அதற்கு முந்தைய போனைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் அதன் எழுத்துருவில் விளக்கு இருக்காது. கொடி கதை வேறு. மலேசியக் கொடி என்பது எம், ஒய் என்ற இரண்டு குறிகளின் சேர்க்கை, விண்டோஸ் குரோமில் அது கொடியாகாமல் அந்த இரண்டு எழுத்துகளாகவே நிற்கும். கோலாலம்பூர் நண்பன் தன் கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தான்.

வரிசையாகப் பத்து விளக்கு வைக்கச் சொன்னார் அத்தை. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் செயலி ஒவ்வொன்றுக்கும் 'தியா லேம்ப்' என்று பெயர் சொல்லும், பத்து முறை கேட்ட பிறகுதான் முறுக்கின் விலை காதில் விழும் என்றேன். "அப்ப ஒண்ணு போதும்டா."