ஹவாய் டைம்ஷேர் ரிசார்ட்டில் குடும்பத்தோடு ஒரு வாரம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஹவாயில் கடலை ஒட்டிய டைம்ஷேர் ரிசார்ட்டில் தங்கப் போகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அது ஓட்டல் அறை அன்று, ஒரு வாரத்துக்கு நம் கைக்கு வரும் வீடு என்பதுதான். அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் தினந்தோறும் அறையைச் சுத்தம் செய்து துண்டு மாற்றித் தர ஆள் வருவது பெரும்பாலும் இருக்காது. ஒரே வீட்டின் ஆண்டைப் பல உரிமையாளர்கள் வாரங்களாகவோ புள்ளிகளாகவோ பங்கிட்டுக்கொண்டு, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதே டைம்ஷேர் ஏற்பாடு. ஆகையால் பள்ளி விடுமுறையில் வரும் நல்ல வாரங்கள் உரிமையாளர்களுக்குள்ளேயே ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே போய்விடும். அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து சிறு பிள்ளைகளையும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லும் குடும்பத்தை நினைத்து இதை எழுதுகிறேன். ஒவாஹு தீவின் தென்மேற்குக் கரையில் உள்ள கோ ஒலீனாவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: பருவம் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் முதலில் ரிசார்ட்டின் பெயரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கரை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகரைகளில் பேரலைகள் எழும். அலைச்சறுக்கு வீரர்கள் உலகெங்குமிருந்து ஒவாஹுவின் வடகரைக்கு வருவது அந்த மாதங்களில்தான். குழந்தைகளோடு குளிர்காலத்தில் போகிறவர்கள் தென்கரையையோ மேற்குக் கரையின் மறைவான இடங்களையோ தேர்ந்தெடுப்பதே சரி. கவாய் தீவில் தெற்கே உள்ள போய்ப்பூ, மாவி தீவில் மேற்கே உள்ள கானாபலி, பிக் ஐலண்டில் வைகொலோவா ஆகிய மூன்றிலும் டைம்ஷேர் ரிசார்ட்டுகள் உள்ளன. மாவியில் திமிங்கிலங்களைப் பார்க்க விரும்பினால் ஜனவரி முதல் மார்ச் வரை உகந்த காலம். கானாபலிக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள லஹைனா 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி தீயில் அழிந்து, இன்னும் மீண்டு வரும் ஊர். எரிந்த தெருக்களைப் படம் எடுப்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நீந்தத் தெரியாத பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு என் தேர்வு கோ ஒலீனாதான். கரையை வெட்டி அமைத்த நான்கு லகூன்கள் அங்கே வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றையும் கற்பாறை அணை கடலிலிருந்து மறைத்து நிற்பதால் உள்ளே நீர் குளம்போல் அடங்கியிருக்கும். மேரியட்டின் கோ ஒலீனா பீச் கிளப்பும், 2011இல் திறக்கப்பட்ட டிஸ்னியின் அவுலானியும் இந்த லகூன்களை ஒட்டியவை. ஹவாயில் கடற்கரை யாவும் பொதுமக்களுக்கு உரியது என்பதால், வேறிடத்தில் தங்கினாலும் இங்கே வந்து குளிக்கலாம். வண்டி நிறுத்த இடம் குறைவு என்பதால் காலையிலேயே வர வேண்டியிருக்கும்.

படி 2: அறை கைக்கு வரும் வழியை முடிவு செய்யுங்கள்

வழிகள் நான்கு. நீங்களே உரிமையாளராக இருந்தால் உங்கள் முன்பதிவுக் காலம் திறக்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். டிஸ்னியின் திட்டத்தில் சொந்த ரிசார்ட்டுக்கு 11 மாதங்களுக்கு முன்பும், மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதங்களுக்கு முன்பும் பதிவு தொடங்கும். மற்ற நிறுவனங்களின் கணக்கு வேறாக இருக்கும். வேறு ஊரில் வாரம் வைத்திருப்பவர்கள் ஆர்சிஐ, இன்டர்வெல் இன்டர்நேஷனல் போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக ஹவாய்க்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹவாய் வாரங்களை எல்லோரும் கேட்பதால், தேதியிலும் தீவிலும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது வழி ரிசார்ட் நிறுவனத்திடமே ஓட்டல் போல வாடகைக்கு எடுப்பது. நான்காவது, உரிமையாளர் ஒருவரிடமிருந்து அவருடைய வாரத்தை வாடகைக்குப் பெறுவது.

இந்த நான்காவது வழி செலவைக் கணிசமாகக் குறைக்கும், கவனமும் அதிகம் கேட்கும். பணம் தருவதற்கு முன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் பெறுங்கள். முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விருந்தினராக உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை ரிசார்ட்டுக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்யுங்கள். திரும்பப் பெற முடியாத பண அனுப்பீட்டை மட்டுமே ஏற்பேன் என்று ஒருவர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவரை விட்டுவிடுங்கள். தங்கல் வரி யார் தலையில் என்பதையும் கேட்க வேண்டும். ஹவாய் மாநிலம் 2026 ஜனவரி முதல் வாடகைத் தங்கலுக்கு 11 சதவீத வரி வாங்குகிறது. அதன் மேல் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) 3 சதவீதமும் பொது விற்பனை வரியும் சேரும். உரிமையாளர்களாகத் தங்குவோருக்கும் நாள்கணக்கில் ஒரு வரி உண்டு. அதைப் புறப்படும்போது வசூலிப்பார்கள்.

படி 3: வீட்டின் அளவு

ஸ்டுடியோ என்றால் மைக்ரோவேவும் சிறு ஃபிரிட்ஜும்தான், சமைக்க முடியாது. ஒரு படுக்கையறை வீட்டில்தான் முழுச் சமையலறை தொடங்குகிறது. பெரியவர்கள் உடன் வந்தால் ‘லாக்-ஆஃப்’ என்று அழைக்கப்படும் இரண்டு படுக்கையறை வீடு பொருத்தமானது. நடுவில் பூட்டக்கூடிய கதவும், இரு பக்கமும் தனித்தனிக் குளியலறையும் இருப்பதால் விடியற்காலையில் எழும் தாத்தாவால் பிள்ளைகளின் உறக்கம் கெடாது.

படி 4: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

அறை உறுதியானதும் விமானமும் வாடகைக் காரும். மேற்குக் கரை நகரங்களிலிருந்து ஹொனலூலுவுக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஒவாஹு, மாவி, கவாய் ஆகியவற்றுக்கு இடையே பயணியர் கப்பல் கிடையாது. தீவு மாற விமானமே வழி. முதன்முறை ஏழு நாளில் இரண்டு தீவு வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனென்றால் மாறும் நாள் முழுதும் பெட்டிகளோடு போய்விடும். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு இது உள்நாட்டுப் பயணமே, குடியேற்றச் சோதனை இல்லை. ஆயினும் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு அனுமதிச் சீட்டுகள். இதைத் தள்ளிப்போட்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேர்ல் ஹார்பரில் அரிசோனா போர்க்கப்பலின் நினைவகத்துக்குச் செல்லும் படகின் சீட்டு எட்டு வாரங்களுக்கு முன்பே திறக்கிறது. அங்கே கைப்பைகளை உள்ளே கொண்டுபோக முடியாது. டைமண்ட் ஹெட் மலை ஏற, வெளியூர்க்காரர்கள் செல்லும் நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஹனவுமா விரிகுடாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன், ஹவாய் நேரப்படி காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும்; திங்களும் செவ்வாயும் விரிகுடா மூடியிருக்கும். மாவிக்குப் போகிறவர்கள் ஹலேயகலா மலை உச்சியில் சூரிய உதயம் பார்க்க 60 நாட்களுக்கு முன் பதிவு செய்து, பத்தாயிரம் அடி உயரத்துக் குளிருக்குக் கம்பளி ஆடையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

கவாயைத் தேர்ந்தெடுத்தவர்கள் வைலுவாவில் உள்ள கவாய் ஆதீனத்துக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவியது அது. கணபதி ஸ்தபதி வடிவமைக்க, கர்நாடகத்தில் கையால் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்த கருங்கற்களால் எழுந்த இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. பசிபிக் பெருங்கடலின் நடுவே அந்தக் கற்றூண்களைக் கண்ட என் தாயார் நெடுநேரம் பேசவில்லை.

படி 5: வந்து இறங்கும் நாள்

விமானம் நண்பகலுக்குள் இறங்கிவிடும். வீட்டின் சாவி பெரும்பாலும் மாலை 4 மணிக்குத்தான். முதல் பயணத்தில் பிள்ளைகளின் நீச்சலுடைகளைப் பெரிய பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, வரவேற்புக் கூடத்தின் ஓரத்தில் பெட்டியைத் தரையில் பிரித்துத் தேடினோம். ஆகவே நீச்சலுடை, வெயில் களிம்பு, தொப்பி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிகளை வாசலில் ஒப்படைத்துவிட்டு நேரே நீச்சல் குளத்துக்குப் போகலாம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகள் பவளப்பாறைக்குக் கேடு என்பதால் 2021 முதல் ஹவாயில் விற்கத் தடை உள்ளது. துத்தநாக ஆக்சைடு கலந்ததை வாங்குங்கள்.

விமான நிலையத்திலிருந்து கோ ஒலீனா ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எச்-1 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிய பக்கம் நெரிசல் அதிகம் என்பதால் அதற்கு முன்பே கிளம்பி, வழியில் கபோலெய் காஸ்ட்கோவில் அரிசி, பால், தயிர், காய்கறி வாங்கிக்கொண்டால் மறுபடி வெளியே வர வேண்டியதில்லை.

படி 6: சமையலறை

வந்ததும் அலமாரிகளைத் திறந்து எண்ணுங்கள். குறைந்த பாத்திரத்தைக் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். பிரஷர் குக்கர் இருக்காது. துவரம்பருப்பைப் பானையில் வேகவைக்க நேரம் ஆகும் என்பதால் பாசிப்பருப்பு எடுத்துச் செல்வது நல்லது. பெருங்காயம், சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சிறு தாளிப்புக் கரண்டி போதும். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். ஹவாய்க்குள் வரும் செடி, இலை, பழம் எல்லாவற்றையும் வந்திறங்கும்போது அறிவித்துச் சோதனைக்குக் காட்ட வேண்டும்.

தாளிக்கும்போது ஒரு கவனம் தேவை. கண்ணாடித் தட்டு மின்னடுப்பு மெல்லச் சூடாகும், அணைத்த பின்பும் சூடு இறங்காது. கடுகு வெடித்ததும் கரண்டியை அடுப்பிலிருந்து முழுவதும் தூக்கிவிட்டு, அதன் பிறகே மிளகாய் வற்றலைப் போடுங்கள். இல்லையென்றால் வற்றல் கருகி, புகை எச்சரிக்கை மணி ஒலித்துவிடும். புகைபோக்கி விசிறியை முன்பே ஓடவிடுங்கள்.

படி 7: தண்ணீரில்

கோ ஒலீனா லகூன்களில் உயிர்காப்பாளர் கிடையாது. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாறை அணையின் நடுவே கடல்நீர் வந்துபோகும் இடைவெளி உள்ளது. மணற்கரையிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும் அந்த இடத்தில் நீரோட்டம் பெரியவர்களையே இழுக்கும். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி, கரையில் ஒருவர் கைபேசியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருவர் என முறை வைத்துக்கொள்ளலாம். கடலாமை தெரிந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள். மணலில் உறங்கும் துறவிச் சீல் (மங்க் சீல் என்னும் கடல் விலங்கு) என்றால் ஐம்பதடி.

படி 8: விற்பனைக் கூட்டம்

சாவி வாங்கியதும், வண்டி நிறுத்தும் சீட்டோ பரிசு அட்டையோ தருவதாக இன்னொரு மேசைக்கு அழைப்பார்கள். அது டைம்ஷேர் விற்பனைக் கூட்டத்துக்கான அழைப்பு. 90 நிமிடம் என்று சொல்வது பெரும்பாலும் நீளும். விருப்பமில்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டாலும், ஹவாய் சட்டப்படி ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். எப்படி ரத்து செய்வது என்பது அந்தத் தாள்களிலேயே இருக்கும். விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படி 9: புறப்படும் நாள்

வெளியேற வேண்டிய நேரம் பெரும்பாலும் காலை 10 மணி. முந்தைய இரவே துணிகளைத் துவைத்து உலர்த்தி அடுக்கிவிட்டால், அழுக்குத் துணி இல்லாமல் ஊர் திரும்பலாம். மீந்த அரிசியும் எண்ணெயும் பிரிக்காமல் இருந்தால், யாருக்காவது தர வழி உண்டா என்று வரவேற்பில் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைக்கும் முன் வேளாண் துறையின் சோதனை உண்டு. அன்னாசியும் தேங்காயும் சோதனைக்குப் பின் நிலப்பகுதிக்கு வரலாம், தோட்டத்தில் பறித்த மாம்பழம் வர முடியாது. அதை வரிசையில் நிற்பதற்கு முன்பே பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுத்துவிடுங்கள்.