இணையவழிக் குரலழைப்பில் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் இருக்கும் அம்மாவிடம் பேசும்போது குரல் விட்டுவிட்டு வந்தால், சிங்கப்பூரில் நம்மில் பலர் முதலில் இணைய வேகத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். அடுத்து, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறலாமா என்று யோசிப்பார்கள். மற்றத் தவறுகள் பலவும் கிளைப்பது இந்த முதல் தவறிலிருந்துதான். குரலை எண்வடிவத்துக்கு மாற்ற நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஜி.711 முறையில், குரல் பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, விநாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் குரலுக்கு 160 பைட், முகவரி முதலிய விவரங்களுக்கு 40 பைட் என்று கணக்கிட்டால், ஒரு திசைக்கு விநாடிக்கு 80 கிலோபிட் போதும். 1 கிகாபிட் ஃபைபர் இணைப்பில் இது பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

குரலைக் கெடுப்பவை தாமதமும், பொட்டலங்கள் வழியில் தொலைந்துபோவதும், அவை சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வதுமே. கோப்பு இறக்கும்போது தொலைந்த பொட்டலம் மறுபடி அனுப்பப்படுவதால் இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. பேச்சில் அதற்கு நேரமில்லை. பிந்தி வந்த அசையை எங்கே பொருத்துவது? ஆகவே குரல் பெரும்பாலும், மறுபடி அனுப்பாத யுடிபி முறையில் செல்கிறது. வேகச் சோதனையில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு இணைப்பில் குறையில்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான் பொருந்தாது.

தொலைவின் மீது பழி போடுவதும் அவசரமே. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடி வடங்களுள் ஒன்றான ஐ2ஐ ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளமுடையது, இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்வதால், அதைக் கடக்க 16 மில்லிவிநாடி போதும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும் என்பதே அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை.

பெரும்பாலான சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் என்று நாம் அழைக்கும் தற்காப்பு அறை உண்டு. இடத்தை மிச்சப்படுத்த அதற்குள் ரௌட்டரை வைத்தால், தடித்த கான்கிரீட் சுவர் வைஃபை அலையை வெகுவாகக் குறைத்துவிடும். போதாததற்கு, மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடுகளின் கருவிகளும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போட்டியிடுகின்றன. மேசைத் தொலைபேசிக்குக் கம்பி இணைப்புக் கொடுப்பதும், கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும், திட்டத்தை மாற்றுவதைவிடப் பலனளிக்கும் என்பது என் உறுதியான கருத்து.

சீரற்று வரும் பொட்டலங்களைச் சற்றே நிறுத்தி ஒழுங்குபடுத்தும் தாங்கு நினைவகத்தை அளவுமீறிப் பெரிதாக்குவது இன்னொரு தவறு. அதை 200 மில்லிவிநாடிக்கு உயர்த்தினால் வெட்டுகள் மறையலாம். ஆனால் அந்தத் தாமதம் ஒன்றே பரிந்துரையைத் தாண்டிவிடுவதால், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தும் அவதி உண்டாகும்.

தேக்கா வட்டாரத்தில் உள்ளதைப் போன்ற சிறு கடைகளும் அலுவலகங்களும் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால், ரௌட்டரில் உள்ள ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ வசதியை, அதாவது அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்திகளில் உள்ள முகவரிகளை மாற்றியமைக்கும் வசதியை, அணைத்துப் பாருங்கள். உதவுவதற்காகச் சேர்க்கப்பட்ட அது, முகவரிகளைத் தவறாகத் திருத்திவிடுவதுண்டு. தொலைபேசிக் கணக்குகளுக்கு எளிய கடவுச்சொல் வைப்பதோ மிகவும் ஆபத்தானது: எஸ்ஐபி அழைப்புகளுக்கான, இணையத்தில் திறந்து கிடக்கும் 5060ஆம் எண் வாயிலைத் (port) தேடி அலையும் மோசடிக்காரர்கள், கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, இரவோடிரவாக வெளிநாட்டு எண்களை அழைத்துத் தள்ள, கட்டணம் உங்கள் தலையில் விழும்.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. இன்று வீட்டில் மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டி, ரௌட்டர், தொலைபேசி மூன்றும் அணைந்துவிடும். முதியவர்கள் தனியே இருக்கும் வீட்டில் மின்கலத் துணையோ, அவசர உதவி எண்ணான 995ஐ அழைப்பதற்குச் சார்ஜ் செய்த கைப்பேசியோ கட்டாயம் இருக்க வேண்டும்.