மதியிறுக்கம் உள்ள பிள்ளைக்கு ஒரு ரயில் கதை

மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகளுள் பலர் பழக்கமில்லாத சூழலைக் கண்டு கலங்குவதால், நடக்கவிருப்பதை எளிய சிறு கதையாக முன்கூட்டியே சொல்லித்தரும் ‘சமூகக் கதை’ முறையை அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அத்தகைய கதையைத் தமிழில் எழுதித்தர சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தலாம்.

“ஒரு கதை எழுது” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “ஆறு வயதுப் பிள்ளை எம்ஆர்டி ரயிலில் முதன்முறையாகச் செல்கிறான், கதவு மூடும்போது எழும் ஒலி அவனுக்குப் பிடிக்காது, அவனே சொல்வதுபோல் எட்டுச் சிறு வாக்கியங்கள் வேண்டும், உவமையும் மரபுத்தொடரும் வேண்டாம்” என்று நுணுக்கமாகக் கேளுங்கள். சொல்லை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு “காது கிழியும்” என்ற தொடர் அச்சத்தையே தரும். ‘செய்ய வேண்டும்’ என்னும் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் நிலைமையை விவரிக்கும் இரண்டு வாக்கியங்களாவது இருக்கட்டும்.

செயலி தரும் தமிழ் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும் என்பதால், வீட்டில் பாட்டி பேசும் சொற்களை இட்டுத் திருத்துங்கள். படத்தை மட்டும் செயலியிடம் விட வேண்டாம்; நீங்கள் வழக்கமாக ஏறும் நிலையத்தின் மின்தூக்கியையும் நடைமேடைக் கதவையும் கைப்பேசியில் படமெடுத்துச் சேர்த்தால்தான் பிள்ளை அங்கே அவற்றை எளிதில் அடையாளம் காணும். பிள்ளையின் பெயர், பள்ளி, முகப்படம், மருத்துவ அறிக்கை ஆகிய எதையும் செயலியில் பதிவிடாதீர்கள்.

கதையை ஆசிரியரிடமோ சிகிச்சையாளரிடமோ காட்டிய பிறகு, பயணத்திற்கு முந்தைய சில நாள்களில், பிள்ளை அமைதியாக இருக்கும் வேளையில் சேர்ந்து படியுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது எடுத்து நீட்ட வேண்டாம்.